நாற்பதடி வயர்

ரிலேயின் மேல் இருந்த சிவப்புப் பொட்டு விளக்கு ஒழுங்காக எரிந்து எரிந்து அணைந்தது. பல்பு மட்டும் எரிவேனா என்றது.

மூன்று நாளாக இதே கூத்து. நான் பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். என் வாயில் விழாமல் டிப்ளமோ முடித்த பையன் சுற்றுவட்டாரத்தில் இருக்க மாட்டான். "அளந்து பாக்காம போர்டு மேல பழி போடாதீங்கடா" என்று வருடத்துக்கு அறுபது பேரிடம் கத்துகிறேன். அப்படிப்பட்ட ஜெயசித்ரா மேடத்தை, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு ரிலே தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்துவிட்டது.

ரிலே என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சின்னக் கரண்டை வைத்துக்கொண்டு பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதில் கரண்ட் போனால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், பல்பு எரியும். இழு என்று சொல்ல வேண்டியது புரோகிராம் ஏற்றிய ஒரு குட்டி போர்டு. போர்டு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சொன்னதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கும் எரிந்தது. ரிலே அசையவில்லை.

இத்தனையும் என் தம்பி மனைவி வேணிக்காக. வேணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என் தம்பி ரஞ்சித்குமார் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறான். "அக்காகிட்ட பேச்சு வாங்கி வாங்கி அலுத்துப்போய், பேசாத பொண்ணாத் தேடிக் கட்டிக்கிட்டான்" என்று எங்கள் ஊர் குன்னத்தில் ஒரு கேலி உண்டு. அப்படிச் சொன்னவர்கள் வேணியோடு ஒரே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். கையால் பேசுவாள், கண்ணால் பேசுவாள், போனில் தட்டித் தட்டிப் பேசுவாள். சண்டை என்று வந்தால் மூன்றாலும் ஒரே நேரத்தில் பேசுவாள்.

நாம் பேசுவதை அவள் வாயசைவைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். அதனால் அவளிடம் எதைச் சொன்னாலும் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுக்கிற வேலையெல்லாம் நடக்காது. எனக்குக் கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியாரிடம் ஆறு வருடம் முணுமுணுத்தே பழக்கம். வேணி வந்த முதல் வருடம் எனக்கு அது பெரிய இம்சையாக இருந்தது.

வேணி தையல்காரி. மோட்டார் வைத்த மெஷினில் ரவிக்கை தைப்பாள். கீழ்நூல் தீரப்போகிறது என்பதை மெஷினின் மேல் வைத்த விரலாலேயே தெரிந்துகொள்வாள். நூல் தீர்ந்த பிறகு 'அடச்சே' என்று தலையில் அடித்துக்கொள்வது நம்மைப் போன்ற காது கேட்கிற கூட்டம்தான்.

பிள்ளைக்குத் தமிழழகன் என்று பெயர். ஆளைவிடப் பெயர் நீளம். தா.பழூரில் தாய்வீட்டில் பிரசவம் ஆகி, மூன்றாம் மாதம் முடிந்து வேணி அவனோடு இங்கே வந்தாள். வந்த புதிதில் தூளிக்கும் தன் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு தையல் நூலைக் கட்டிக்கொண்டு படுப்பாள். அவன் காலை உதைத்தால் தூளி ஆடும், நூல் இழுக்கும், விழித்துக்கொள்வாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். மனதுக்குள் கொஞ்சம் பயந்தேன்.

பயந்தது போலவே ஒரு நாள் நடந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளையின் அழுகை கேட்டது. ஓடினேன். தூளிக்குள் முகம் செக்கச் சிவந்து, அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தான். நூல் எப்படியோ கழன்று தரையில் கிடந்தது. வேணி பக்கத்திலேயே பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் விழித்தவள் என் வாயை மட்டும் பார்த்தாள். அதிலிருந்து அப்போது வந்ததையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன்.

அன்றைக்கே தூளியை அவிழ்த்து என் அறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் என் அறை, அப்புறம் கூடம், சமையலறை, கடைசியில் கொல்லையைப் பார்த்த அறை அவர்களுடையது. "பகல்ல உங்கிட்ட இருக்கட்டும். ராத்திரி எங்கிட்ட படுக்கட்டும்" என்றேன். வேணி தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "அக்கா சொன்னா சரிதான்" என்றான். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே வசனம் அதுதான்.

அதன் பிறகு இரவில் அவன் அழுதால் நான் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தேன். பின்னால் போய் வேணியை எழுப்பியிருக்கலாம். பாவம், பகலெல்லாம் தைக்கிறாள், தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் வேணி எழுந்து வரும்போது நைட்டியின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருக்கும். நெஞ்சுக்கு வைத்திருந்த துண்டுகளை அலசிக் கொடியில் போடுவாள். ஒரு வாரம் கழித்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பால் குறையுது அண்ணி. அவன் அழுதா எனக்குத் தெரியணும். நீங்க எழுப்ப மாட்டேங்கிறீங்க. பிள்ளை என்கிட்டயே படுக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. "புள்ள என் ரூம்லதான் இருப்பான். அதுல மாத்தமில்ல. ஆனா அவன் அழுதா ஒன் ரூம்ல லைட் எரியும். நீ எந்திரிச்சு வந்து பால் குடு. நான் செஞ்சு தரேன்" என்றேன். தூளிப் பக்கத்தில் ஒரு மைக், மைக்கோடு போர்டு, போர்டு சொன்னதும் அவள் கட்டிலுக்கு மேல் பல்பு விட்டு விட்டு எரிவது. இரண்டு மணி நேர வேலை என்று விரல் காட்டினேன். வேணி தலையாட்டினாள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று அவள் முகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

மைக்கும் போர்டும் என் அறையில். ரிலேயும் பல்பும் அவள் அறையில். நடுவில் நாற்பதடி. அதற்கு வயர் வேண்டுமே என்று பரணில் தேடியபோது வேணியின் வளைகாப்புக்குப் பந்தலில் கட்டிய சீரியல் செட்டுகள் கிடைத்தன. பழசைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. வயர் என்றால் வயர்தானே. குட்டிக் குட்டி பல்புகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, முப்பத்தாறு இடத்தில் ஈயம் வைத்து ஒட்டி, மூன்று நீளப் பச்சை வயர்களாக்கினேன். அவள் வளைகாப்பு விளக்கே அவள் பிள்ளைக்கு உதவுகிறது பார் என்று எனக்குள் ஒரே பெருமை. கூடத்து ஓரமாகவே ஆணி அடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

லேபில், மேஜையின் மேல் சாணளவு வயரில் வைத்துப் பார்த்தபோது ரிலே டிக் டிக்கென்று அடித்தது. வீட்டில் மாட்டியதும் ஊமையாகிவிட்டது.

புரோகிராமை மாற்றினேன். போர்டை மாற்றினேன். ரிலே கெட்டிருக்கும் என்று லேபிலிருந்து வேறொன்று எடுத்து வந்து மாட்டினேன். அதுவும் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. வயரின் கடைசியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டும், கிட்டத்தட்ட ஐந்து இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள்? அந்த ரிலேயைத் தயாரித்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி விடிகாலையிலேயே ஷிப்டுக்குப் போய்விட்டான். நான் வேணியின் அறையில் தரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நொடிக்கு ஒரு தரம் ரிலேயை இழுத்து விடச் சொல்லி ஒரு சின்னப் புரோகிராம் போட்டேன். வீட்டை ஒட்டிய களத்தில் செல்லதுரை அண்ணன் மக்காச்சோளம் அடிக்கிற மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது, ஜன்னல் கம்பி அதிர அதிர ஓடிக்கொண்டிருந்தது. தூசி வேறு. நான் ரிலேயைத் தூக்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். டிக் வருகிறதா இல்லையா என்று ஒரு எழவும் கேட்கவில்லை.

வேணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். காதில் ரிலேயோடு நான் இருந்த கோலத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு, என்ன ஆயிற்று என்று கையை விரித்துக் கேட்டாள்.

"செத்துப்போச்சு. உயிரே இல்ல" என்றேன்.

ரிலேயைக் காட்டி, தொடலாமா என்று சைகை செய்தாள். பல்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் பக்கம் நகர்த்தினேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை ரிலேயின் நீல மூடிமேல் பட்டும் படாமல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் அந்தப் பக்கம் உலகத்தையே அரைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையாட்டினாள். போனை எடுத்துத் தட்டினாள்.

"சாகல அண்ணி. உள்ள அசையுது. அஞ்சாம் மாசத்துல இவன் வயித்துல அசைஞ்ச மாதிரி இருக்கு. எழுந்திரிக்கப் பாக்குது. பலம் பத்தல."

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் என் விரலைப் பிடித்து, அழுத்தாதே என்று தூக்கி, நுனி மட்டும் படும்படி வைத்தாள். அப்போது தெரிந்தது. நொடிக்கு ஒரு தரம், எறும்பு கடந்து போகிற அளவுக்கு ஒரு சின்ன உந்தல். தகடு இழுக்கப் பார்த்து, இழுக்க முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே அசைகிறது என்றால் ரிலே நல்ல ரிலே. போர்டும் நல்ல போர்டு. பலம்தான் வந்து சேரவில்லை. மல்டிமீட்டரை எடுத்து மறுபடி ரிலேயின் காலில் வைத்தேன். ரிலே சும்மா இருக்கிற நொடியில் நாலே முக்கால். இழுக்கிற நொடியில் மூன்றரைக்குக் கீழே இறங்கியது. மறுபடி நாலே முக்கால். மறுபடி மூன்றரை. மூன்று நாளாக நான் ரிலே சும்மா இருக்கும்போது மட்டும் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பியிருக்கிறேன். இதையே ஒரு மாணவன் செய்திருந்தால் லேபைவிட்டு வெளியே நிறுத்தியிருப்பேன்.

பச்சை வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு முலாம், உள்ளே வெறும் இரும்பு, அதுவும் தலைமுடி கனத்தில் நாலு இழை. குட்டி விளக்குகளுக்கு அது போதும். ரிலேயை இழுக்கிற அளவுக்குக் கரண்ட் நாற்பதடி போய் நாற்பதடி திரும்ப வேண்டும் என்றால், பாதி பலத்தை வயரே வழியில் தின்றுவிடும்.

"வயர்தான் வேணி! வயர் தின்னுட்டுது!" என்று கத்தினேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டு, வயரைப் பார்த்தாள். "நாளைக்கு வேல முடிஞ்சு வர்றப்ப நல்ல செம்பு வயரா வாங்கியாந்துடுறேன். இன்னும் ஒரு நாள்தான்."

வேணி எழுந்தாள். பிள்ளையை என் மடியில் போட்டாள். ரிலேயையும் பல்பையும் கையில் எடுத்துக்கொண்டு, பச்சை வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே கூடத்தின் ஓரமாக நடந்தாள். ஆணி ஆணியாக வயரைக் கழற்றினாள். நான் பிள்ளையோடு பின்னாலேயே போனேன். என் அறைக்கு வந்ததும் ரிலேயைப் போர்டுக்குப் பக்கத்தில் வைத்து, நீளத்தை வெட்டிவிட்டு, சாணளவு வயரில் இணைக்கச் சொல்லிக் காட்டினாள். இணைத்தேன். பல்பின் பிளக்கைச் சொருகினேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ நான் அறியாத அதிசயம் போல. வேணி பல்பைப் பார்க்கவே இல்லை. போனில் தட்டி நீட்டினாள்.

"கிட்ட வச்சா வேலை செய்யுது. அவனையும் எனக்குக் கிட்ட வைங்க அண்ணி. இவ்வளவு தூரம் எதுக்கு?"

"அது வேற, இது வேற" என்றேன் சட்டென்று. "அன்னைக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? புள்ள நீலம் பாரிச்சிருந்தா?"

அவள் பல்பைக் காட்டினாள். இப்போது இது இருக்கிறது. தூளியைக் காட்டினாள். தன் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். மூன்றும் ஒரே இடத்தில், என்று மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தாள். ஒரு பாலிடெக்னிக் முழுவதும் வந்து நின்றாலும் அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. தூளி அவள் அறையில் இருந்தால் மைக், போர்டு, ரிலே, பல்பு எல்லாம் ஒரே சுவரில் அடங்கிவிடும். நாற்பதடி வயருக்கு வேலையே இல்லை. இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பதினான்கு வருட அனுபவம் எதற்கு இருக்கிறது? ஆனால் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

பிள்ளை என் மடியில் என் தாலி இல்லாத கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் கல்யாணமாகி ஜெயங்கொண்டத்தில் ஆறு வருடம் இருந்தேன். பிள்ளை இல்லை. திரும்பி வந்தேன். மீதியை ஊர் சொல்லும், நான் சொல்ல வேண்டாம். வந்த பிறகு நன்றாகத்தான் இருந்தேன். வேலை, பஸ், திட்டு, தூக்கம். இவன் வந்து என் நெஞ்சின்மேல் முதல் நாள் தூங்கும்வரை நன்றாகத்தான் இருந்தேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்குக் கேட்காது. ஒரு கணம் அப்படிச் செய்யலாமா என்று இருந்தது. திருப்பவில்லை. அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"ஒனக்குக் காது கேக்காதுன்னு மட்டும் நான் இவனத் தூக்கிட்டு வரல வேணி. எனக்கு இவன் வேணும்னு இருந்துச்சு. ராத்திரி அழுதா நான்தான் தூக்கணும்னு இருந்துச்சு. ஒன்ன எழுப்பக் கூடாதுன்னுதான் எழுப்பாம இருந்தேன். தப்புதான்."

வேணி என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. போனில் இரண்டே வார்த்தை தட்டினாள்.

"தெரியும் அண்ணி."

"எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து. காலையில தூக்கினா இவன்மேல உங்க பவுடர் வாசம் வரும். ராத்திரி எல்லாம் தூளியில விடாம மேல போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வேணி கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்தேன். கொடுக்கும்போது வலித்தது, அதை மறைக்கவும் இல்லை. அவள் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த வேகத்தைப் பார்த்தால் அடித்தாளோ என்று இருந்தது. கொஞ்சம் அதுவும்தான் என்று நினைக்கிறேன்.

தூளியை நானே அவிழ்த்தேன். அவள் அறை உத்தரத்தில் நானே கட்டினேன், இழுத்து இழுத்து மூன்று முடிச்சு. போர்டையும் ரிலேயையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கி, கை எட்டாத உயரத்தில் சுவரில் அடித்தேன். பழைய புரோகிராமை மறுபடி ஏற்றி, மைக்கைப் பொருத்தித் தூளிப் பக்கம் திருப்பி வைத்தேன். பல்பை அவள் தலைமாட்டுச் சுவரில் மாட்டினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு முழம் வயர்கூட ஆகவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குச் செல்லதுரை அண்ணன் மெஷினை நிறுத்தினார். காதுக்குள் இருந்த பஞ்சை எடுத்தது போல் இருந்தது. பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். வேணி எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். தூளி லேசாக ஆடியது. ஒரு முனகல். அப்புறம் பசிக்கு அழுகிற அந்த அழுகை ஆரம்பித்தது.

என் கால் தானாக எழுந்துகொண்டது. நான் அதைப் பிடித்து உட்கார வைத்தேன். டிக். டிக். டப்பாவுக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது. சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழுந்து விழுந்து எழுந்தது. வேணியின் கையில் இருந்த துணியின்மேல் அந்த வெளிச்சம் பட்டது. அவள் திரும்பினாள். முதலில் பல்பைப் பார்த்தாள், அப்புறம் தூளியை, அப்புறம் என்னை. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள்.

அவன் அம்மா கைக்குப் போனதும் அழுகை நின்றது. பல்பும் நின்றது. அவன் பால் குடிக்கிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. அவளுக்கு அது கேட்காது. அவன் முதுகில் வைத்திருந்த உள்ளங்கையை அவள் எடுக்கவே இல்லை.

"டேய் தமிழு! அம்மா வந்துட்டாளாடா!" என்றேன் தாங்க முடியாமல். பல்பு பட்டென்று எரிந்தது. வேணி திடுக்கிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணி கத்தினாலும் எரிகிறது என்று கையால் ஜாடை காட்டினாள். மைக்கின் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். என் குரலுக்கு எரியாதபடி வைக்க வேண்டுமானால் இன்னும் நிறையத் திருக வேண்டும் என்று அதையும் ஜாடையிலேயே சொன்னாள்.

சாப்பிட்டுவிட்டு முன்னறைக்கு வந்து படுத்தேன். தூளி தொங்கிய கொக்கி வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் சரியாகத் தூங்காத உடம்பு, ஃபேன் ஓடுகிறது, மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி நாலரை. மெஷின் எப்போதோ நின்றிருந்தது. வீடு முழுக்க ஒரே அமைதி. எழுந்த வேகத்தில் புடவை தடுக்கி, கூடத்தில் விழப் பார்த்து, சமையலறையைக் கடந்து பின்னறைக்கு ஓடினேன்.

வேணி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் காலின்மேல் மல்லாந்து கிடந்து தன் கட்டைவிரலோடு பேசிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் வேணி நிமிர்ந்தாள்.

"அழுதானா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு தரம். பல்பைக் காட்டினாள், தன் கண்ணைக் காட்டினாள்.

இரண்டு தரம் அழுதிருக்கிறான். நல்ல காது இரண்டு வைத்திருக்கிற எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அவளை உலுக்கி எழுப்பிக் கத்தியதெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே போகலாமா, இல்லை இப்படியே திரும்பி முன்னறைக்குப் போக வேண்டியதுதானா என்று தெரியவில்லை. இனி இந்த வீட்டில் அவன் அழுதால் எனக்குத் தெரியாது.

வேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயைத் தட்டி, வந்து உட்கார் என்றாள். உட்கார்ந்தேன். பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். போனை எடுத்து, வழக்கத்தைவிட நிதானமாகத் தட்டி, என்னிடம் நீட்டினாள்.

"உங்க ரூமுக்கும் ஒரு லைட் போடுங்க அண்ணி. அவன் அழுதா உங்களுக்கும் தெரியட்டும். பால் குடுத்துட்டு உங்ககிட்ட தரேன், ஏப்பம் விட வச்சுத் தூங்கப் போடுங்க. இந்தத் தடவை நல்ல வயரா வாங்குங்க."

மறுநாள் வேலை முடிந்ததும் பெரம்பலூர் கடைவீதியில் இறங்கினேன். எத்தனை மீட்டர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பன்னிரண்டு போதும் என்று எனக்குத் தெரியும். பதினைந்தாகக் கொடுங்க, நல்ல கனமான செம்பு வயரா இருக்கட்டும் என்றேன்.